ஏழடிக் குழி

மகனே,

உன் கடுதாசியும் அதோட மடிச்சு வெச்சிருந்த பட்டறைப் படமும் கிடைச்சு அஞ்சு நாளாச்சு. "அளவெல்லாம் சரியா இருக்கு, ஆண்டவன் துணை"ன்னு ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா மறுநாளே உன் கையில இருந்திருக்கும். கிள்ளான் என்ன காசியா? செந்தூல்ல ரயிலேறினா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சேரலாம். அந்த ஒரு வரியை எழுதத்தான் கை வரலை. எழுதறது, கிழிக்கிறது, மறுபடி எழுதறதுன்னே அஞ்சு நாள் போயிடுச்சு. கிழவனுக்குக் கண்ணு தெரியலை போலன்னு நீ நெனைச்சிருப்பே. கண்ணு நல்லாத்தான் தெரியுது, அதனாலதான் இவ்வளவு கஷ்டம். இது நீளமான கடுதாசி. கட்டட வேலை நடக்கிற எடத்துல நின்னுக்கிட்டுப் படிக்காதே. வீட்டுக்குப் போயி உக்காந்து படி.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். வார்ப்பு வேலையையும் அடிவேலையையும் ஒரே கூரைக்குள்ள வெச்சாலும் ரெண்டையும் ரெண்டு கோடியில தள்ளி வெச்சிருக்கே பாரு, அது புத்திசாலித்தனம். சம்மட்டி விழற அதிர்ச்சியில மண் அச்சு உள்ளுக்குள்ள உதிரும், வெளியே தெரியவே தெரியாது. ஆனா உலைக்கும் குழிக்கும் நடுவுல இருபத்தி நாலு அடி எதுக்குடா? பதினெட்டாக் குறை. ஆறினாச் சூடு பண்ணிக்க இரும்புக் குழம்பு என்ன ரசமா? நடைபாதைக்கு நாலடி போட்டிருக்கே. வாளியை அளந்திருக்கே, தூக்குறவனை அளக்கலை. வாளிக்கு முன்னாடி ஒருத்தன், பின்னாடி ஒருத்தன், நடுவுல நீளமா இரும்புக் காம்பு. நேராப் போறதுக்கு நாலடி போதும், குழிக்கிட்ட வந்து திரும்பணுமே? ஒருத்தன் இடறினா இன்னொருத்தன் குதிச்சு ஒதுங்க எடம் வேணுமே? ஏழடி விடு. பட்டடைக்கல்லுக்கு உசரம் முப்பது அங்குலம்னு யாரைக் கேட்டுப் போட்டே? சம்மட்டி பிடிக்கிறவன் கையைத் தொங்க விட்டு முஷ்டி பிடிச்சா விரல் முட்டி எங்க வருதோ, அதுதான் கல்லோட உசரம். உன் மச்சினன் முருகேசன் அடிக்கப் போறான்னு எழுதியிருக்கே. அவன் பனைமரம் மாதிரி வளந்தவன். அவனை நிக்க வெச்சு அள. கல்லு தாழ்ந்துபோச்சுன்னா ரெண்டு வருஷத்துல அவன் முதுகு போயிடும், உன் பொண்டாட்டி உன்னைச் சும்மா விடமாட்டா.

இப்ப குழிக்கு வரேன். ரப்பர் மெஷின் உருளைகளை நிக்க வெச்சு வார்க்கிறதுக்கு ஏழடி ஆழம்னு போட்டிருக்கே. அந்த ஏழு எங்கேயிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்கு மறுநாள் என் பெட்டியைக் குடைஞ்சு, "அப்பன் சொத்து புள்ளைக்குத்தானே"ன்னு சிரிச்சுக்கிட்டே அந்தப் பழைய நோட்டை எடுத்துட்டுப் போனியே, அதுல இருந்து எடுத்திருக்கே. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். அன்னைக்கே பிடுங்கி வெச்சிருக்கணும். அந்த நோட்டுல இருக்கிற அளவு அத்தனையும் சரி, ஒண்ணைத் தவிர. அந்த ஒண்ணுதான் ஏழடி. "தோண்டிப் பாத்தோம்பா, மூணு நாள் காஞ்சு கெடந்துச்சு, பொட்டுத் தண்ணியில்லை. சித்ரா பௌர்ணமி காலையில முதல் வார்ப்பு வெச்சிருக்கோம், நீங்களும் அம்மாவும் வந்து நிக்கணும்"னு எழுதியிருக்கே. பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினேன். நீ தோண்டிப் பாத்த மூணு நாளும் சப்தமி, அஷ்டமி, நவமி. "என்னங்க, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"ன்னு உங்கம்மா கேட்டா. ஒண்ணுமில்லைன்னேன். இருபது வருஷத்துக்கு மேல அவகிட்ட அந்த ஒண்ணுமில்லையைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

உனக்கு அப்ப மூணு வயசு. பிரிக்ஃபீல்ட்ஸ்ல சூளைக்குப் பின்னாடி ஒரு அறையில இருந்தோம். புதுசு புதுசா ரப்பர் தோட்டம் தொறந்த காலம். பாலை உறைய வெச்சுத் தகடா அழுத்துறதுக்கு ஒவ்வொரு தோட்டத்துக்கும் மெஷின் வேணும், மெஷினுக்கு இரும்பு உருளை வேணும். கிள்ளான்ல ஆத்தங்கரையை ஒட்டி ஒரு முதலாளி வார்ப்புப் பட்டறை போட்டாரு. அவரு போய்ச் சேந்துட்டாரு, பேரு இப்ப எதுக்கு. எந்தெந்தச் சாமான் எங்கே, எவ்வளவு அகலம், எவ்வளவு உசரம்னு அளவு போட்டுக் கொடுக்க ஒரு ஆளு தேடினாரு. நான் போய் நின்னேன். மேஸ்திரின்னு கூப்பிட்டாங்க. இருபத்தெட்டு வயசுல அந்த வார்த்தை காதுல விழுந்தப்போ எனக்குக் கொம்பு முளைச்சிருச்சு. கூட உன் மாமன் சுப்பையாவையும் கூட்டிக்கிட்டுப் போனேன். உங்கம்மாவுக்குக் கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன்தான்.

முதல்ல நான் போட்டது அஞ்சடிதான். அச்சு ஆறடி உசரம். அஞ்சடிக் குழியில நிறுத்தினா அச்சோட வாய் தரைக்கு மேல ஒரு அடி நீட்டிக்கிட்டு நிக்கும். அதுக்கு மேல வாளி, வாளிக்கு மேல சங்கிலி, சங்கிலிக்கு மேல கப்பி. அதனால கூரை ரெண்டடி ஏறணும். படத்தைப் பாத்துட்டு முதலாளி, "தூணெல்லாம் நட்டாச்சு மேஸ்திரி. மேல ஏத்தறதுக்குப் பதிலா கீழ எறக்கும். ஏழடி தோண்டினா வாளியைக் கையாலேயே தூக்கிட்டு வந்து கவுக்கலாமே"ன்னாரு. கணக்குப்படி அவர் சொன்னது சரி. ஆத்தங்கரைப்படி சரியான்னு நான் பாத்திருக்கணும். பாக்காம இல்லை, பாத்தேன். எப்பப் பாத்தேங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. உலைக்குச் செங்கல் வெச்சு ஏத்திக்கிட்டு இருந்தப்போ அஷ்டமி வந்துச்சு. அஷ்டமி நவமியில நல்ல காரியத்துல கை வெக்கக்கூடாதுன்னு ஆளுங்க சும்மா உக்காந்துட்டாங்க. சும்மா இருக்கிறதுக்கு ஆழம் பாக்கிற குழியையாவது தோண்டுங்கடான்னேன். குழி தோண்டுறது நல்ல காரியத்துல சேராதில்ல, அதனால தோண்டினாங்க. தசமி வரைக்கும் மூணு நாளும் குச்சி விட்டுப் பாத்தேன். காய்ஞ்ச மண்ணுதான் ஒட்டிச்சு. அன்னைக்கே நோட்டுல அஞ்சை அடிச்சுட்டு ஏழுன்னு எழுதினேன்.

மகனே, கிள்ளான் ஆத்துத் தண்ணி கடல் சொன்ன பேச்சைக் கேக்குற தண்ணி. அரை நிலா நாள்ல ஏத்தம் கம்மி, தண்ணி அடங்கிக் கெடக்கும். அமாவாசை, பௌர்ணமி, அதுக்கு அடுத்த ரெண்டு நாள், இதுல விடியக்காலையிலயும் சாயங்காலத்துலயும் கரையை முட்டிக்கிட்டு ஏறும். அது மேல மட்டும் ஏறலை, மண்ணுக்கு அடியிலயும் ஏறுது. நாம கெட்ட நாள்னு ஒதுக்குன நாள்ல தண்ணியைச் சோதிச்சுட்டு, நல்ல நாள்னு பாத்து நெருப்பை எறக்குறோம். வெள்ளைக்காரன் இந்தத் தப்பைப் பண்ணமாட்டான், சீனன் பண்ணமாட்டான். பஞ்சாங்கத்தைக் கையில வெச்சுக்கிட்டு நாமதான் பண்ணுவோம். நானும் பண்ணினேன், நீயும் அதையே பண்ணியிருக்கே. அக்கரையில மலாய்க்காரங்க கம்பத்துல, கூரை வேய நீப்பா ஓலை விக்கிறவரு ஒருத்தர் சுப்பையாவுக்குப் பழக்கம். "பௌர்ணமிக்குத் தண்ணி பெருசா வரும், இங்கே குழியில நெருப்பு வேலை வேணாம்னு அவரு சொல்றாரு மச்சான்"னு அவன் வந்து சொன்னான். "ஓலை விக்கிறவன் எனக்கு வார்ப்பு சொல்லித் தரானா?"ன்னு கேட்டு அவன் வாயை அடைச்சேன்.

சித்ரா பௌர்ணமி காலையில எட்டு மணிக்குள்ள முகூர்த்தம். பட்டறை வாசல்ல வாழைமரம் கட்டி, முதலாளி வீட்டு ஆளுங்க பட்டு வேட்டியோட வந்து நின்னாங்க. உலையில குழம்பு தயாரு. குழிக்குள்ள அச்சைச் சுத்தி மண்ணு இடிச்சு இறுக்க சுப்பையா வெறுங்காலோட எறங்கினான். கொஞ்ச நேரத்துல தலையை மேல தூக்கி, "மச்சான், கால் வெச்ச எடத்துல தண்ணி நிக்குது"ன்னான். எட்டிப் பாத்தேன். அவன் பாதம் பதிஞ்ச தடம், அஞ்சு விரலும் தெரியுது, அதுல தண்ணி மெதுவா ஊறி வந்து ரொம்புது. நான் பாத்தேன் மகனே. பாக்கலைன்னு சொல்றதுக்கு எனக்கு வழியே இல்லை.

அந்தக் குழம்பைத் தரையில மண் வாய்க்கால் வெட்டி ஊத்தியிருக்கலாம். கட்டியா ஆறியிருக்கும், இன்னொரு நாள் மறுபடி உருக்கியிருக்கலாம், ஒரு பொழுது உழைப்புதான் வீண். ஆனா முதல் குழம்பு மண்ணுல போறது அபசகுனம். அதுவும் அத்தனை பேரு முன்னாடி, மேஸ்திரி போட்ட அளவு தப்புன்னு ஆயிடும். "ரெண்டு கூடை காய்ஞ்ச மண்ணை அள்ளிப் போட்டுட்டு மேல வா. நேரம் போகுது"ன்னேன். "வேணாம் மச்சான், மனசு சரியில்லை"ன்னான். "பொட்டச்சி மாதிரி பயப்படாதே"ன்னேன். இதுதான் நான் அவன்கிட்ட கடைசியாச் சொன்னது. மண்ணைப் போட்டு மிதிச்சுட்டு மேல வந்தான். வாளியோட முன்காம்பை அவன்தான் பிடிச்சான், மத்தவங்க பின்வாங்கினதால. பாதி ஊத்தினதும் அச்சோட அடி விட்டுருச்சு. குழம்பு ஈர மண்ணுல எறங்குச்சு. ஈரத்துல இரும்புக் குழம்பு பட்டா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழி அப்படியே மேல வந்துச்சு. கூரைத் தகரம் பிஞ்சு போச்சு. சுப்பையா ஆஸ்பத்திரியில மூணு நாள் இருந்தான். பேச முடியலை. கண்ணு மட்டும் என்னைப் பாத்துக்கிட்டே இருந்துச்சு.

அவன் ஒரு காலத்துல குடிச்சவன். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே கோயில்ல சத்தியம் பண்ணி நிறுத்திட்டான். அந்த வருஷம் நாப்பத்தெட்டு நாள் விரதம் இருந்து, அந்தப் பௌர்ணமி சாயங்காலம்தான் பால்குடம் எடுக்கிறதா வேண்டுதல். மஞ்சள் துணிகூடப் பட்டறை ஆணியில தொங்கிக்கிட்டு இருந்துச்சு. விசாரிக்க வெள்ளைக்காரத் துவான் வர்றதுக்கு முன்னாடி முதலாளி என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. "குழியில ஈரம் இருந்துச்சுன்னா அளவு போட்டவன் நீ, உள்ள போயிடுவே. பச்சைப் புள்ளை இருக்குது உனக்கு. அவனோ பிழைக்கப் போறதில்லை. குடிச்சிருந்தான், கால் தடுமாறி வாளியைக் கவுத்துட்டான்னு சொல்லிடு. பழைய குடிகாரன்தானே, எல்லாரும் நம்புவாங்க"ன்னாரு. நான் சொன்னேன். யாரும் என் கழுத்தைப் பிடிக்கலை, நானாத்தான் சொன்னேன். துவான் எழுதிக்கிட்டாரு. அப்புறம் வீட்டுக்கு வந்து உங்கம்மாகிட்டயும் அதையேதான் சொன்னேன்.

அவ ஒப்பாரி வெச்சப்போ ஒரு வார்த்தை சொல்லிச் சொல்லி அழுதா. "விரதத்தை முறிச்சியேடா பாவி, சாமிக்கே துரோகம் பண்ணினியேடா"ன்னு. நான் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் அவ பால்குடம் பாக்கக்கூடப் போகமாட்டா, உனக்கே தெரியும். நீ வாலிபத்துல ஒருநாள் கூட்டாளிங்களோட சேந்து கள்ளுக்கடைப் பக்கம் நின்னதுக்கு, "மாமனை மாதிரி வெந்து சாகப் போறியா?"ன்னு அவ உன்னைத் துடைப்பத்தால அடிச்சாளே, அப்பவும் நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். ஒவ்வொரு வருஷமும் சித்ரா பௌர்ணமி கழிஞ்ச மூணாம் நாள் அவனுக்குப் படையல் போடறோம். செத்தவனுக்குப் பிடிச்சதை வெக்கணும்ல? கறி, மீன், வடை, அப்புறம் அந்தப் பித்தளைக் குவளையில கள்ளு. "செத்தாலும் அந்த வாய் கேக்கும், வெச்சிருவோம்"னு அவதான் ஆரம்பிச்சா. கள்ளை வாங்கிட்டு வர்றது நான். விரதத்துல செத்தவன் வாய்க்கு வருஷா வருஷம் கறியையும் கள்ளையும் வெச்சு நான் விழுந்து கும்பிட்டிருக்கேன். இதைவிடப் பெரிய பாவம் ஒண்ணு இருக்குன்னா எனக்குத் தெரியலை.

கிள்ளானை விட்டு செந்தூல் ரயில் பட்டறைக்கு வந்து ஃபிட்டர் வேலையில சேந்தது துக்கத்துலன்னு நீ நெனைச்சுக்கிட்டு இருக்கே. பயத்துல. அடுத்தவன் போட்ட அளவுக்கு அராவிக் கொடுக்கிறதோட சரி, அதுக்கப்புறம் ஒரு அங்குலம்கூட நானா அளவு போட்டதில்லை. "அப்பா ஏன் மேஸ்திரி ஆகலை?"ன்னு நீ சின்ன வயசுல கேப்பே. தெறமை இல்லைடான்னு சொல்லுவேன்.

இந்த ரகசியத்தோடயே கண்ணை மூடிடலாம்னுதான் இருந்தேன். உன் படம் வந்து கெடுத்துச்சு. இல்லை, உன் படம் வந்து காப்பாத்துச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. குழியை மட்டும் அஞ்சடியாக் குறைன்னு காரணம் சொல்லாம எழுதலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். நீ என் புள்ளை, "கிழவன் பயப்படுறான்"னு ஏழடியே போடுவே. உன் பொண்டாட்டிக்கும் கூடப் பொறந்தவன் முருகேசன் ஒருத்தன்தான். வாளியோட முன்காம்பை அவன்தான் பிடிப்பான்.

அதனால நேத்துக் காலையில உங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தா. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் முறத்தைக் கீழ வெக்கலை, அசைக்கவும் இல்லை. அடிப்பா, கத்துவா, மண்ணை வாரித் தூத்துவான்னு நெனைச்சேன். ஒண்ணுமே இல்லை. எழுந்து போயி, பெட்டிக்கு அடியில இருந்த அந்தப் பித்தளைக் குவளையை எடுத்துட்டு வந்து, கொல்லையில உக்காந்து புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சா. கழுவுவா, மோந்து பாப்பா, மறுபடி தேய்ப்பா. மத்தியானம் வரைக்கும் தேச்சா. புளி பட்டு விரலெல்லாம் எரிஞ்சிருக்கும். எனக்குச் சோறு வெச்சா.

நீ செய்ய வேண்டியதைச் சொல்றேன். அந்த ஏழடிக் குழியை மூடாதே, செங்கல்லும் வெக்காதே. வர்ற அமாவாசைக்கு மறுநாள் விடியறப்போ பாக்கலாம். தண்ணி வந்துச்சுன்னா குழியை அஞ்சடிக்கு மேல விடாதே. அந்த அஞ்சடிக்கும் அதே நாள்ல தனியாப் பாரு. கூரையை ரெண்டடி உயத்து. தூண் நட்டாச்சுன்னு சொல்லாதே, பிடுங்கி நடு. சித்ரா பௌர்ணமியில வார்ப்பு வேணாம். அஷ்டமியில வெச்சுக்கோ. ஊரு சிரிச்சா சிரிக்கட்டும். என்னைக்கு ஊத்தினாலும், ஊத்துறதுக்கு முன்னாடி குழிக்குள்ள இருக்கிறவன் வேணாம்னு சொன்னா வேணாம். அந்த வார்த்தைக்கு மேல முகூர்த்தமும் கெடையாது, மேஸ்திரியும் கெடையாது.

இதுவரைக்கும் எழுதிட்டுக் கடுதாசியை மடிச்சேன். நேத்துல இருந்து பேசாதவ, கதவுக்கிட்ட வந்து நின்னுக்கிட்டு, "எழுதியாச்சா?"ன்னு கேட்டா. ஆச்சுன்னேன். "அமாவாசைக்கு மறுநாள் குழிக்குள்ள யாரு எறங்கிப் பாக்குறது? எம்புள்ளையா? அந்தப் பொண்ணோட தம்பியா?" மடிச்ச கடுதாசியைப் பிரிச்சேன். "நீங்கதான் எறங்குறீங்கன்னு எழுதுங்க. வெறுங்காலோட எறங்குறீங்கன்னு எழுதுங்க. நான் மேல நின்னு பாப்பேன்னும் எழுதுங்க"ன்னா.

எழுதிட்டேன். முதல் நாளே ரெண்டு பேரும் வந்துடறோம். ஏணி ஒண்ணு எடுத்து வை.